நுனி வலப்பக்கம்

காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று பால்காரன், மற்றது, தலை போகிற காரியத்தோடு வருகிறவர்கள். துப்பறியும் அழகுமலை பால் சேர்க்காத வரக்காப்பி குடிப்பவர். ஆகையால் வில்லாபுரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அவருடைய ஆபீஸ் கதவு அன்று தட்டப்பட்டபோது, வந்திருப்பது இரண்டாவது வகை என்று அவருடைய மச்சினன் மொக்கையன் படுத்த பாயிலிருந்து எழுந்திருக்காமலே சொல்லிவிட்டான்.

வந்தவள் பெயர் ஸ்யாமளா. வடக்காடி வீதிக்காரி. இருபத்தைந்து வயது இருக்கும். புடவைத் தலைப்புக்குள் ஒரு பழுப்பு உறையை மறைத்துக்கொண்டு, யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மாடியேறினாள்.

"எங்காத்துக்காரரை நீங்கதான் மீட்டுத் தரணும்" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

விஷயம் மதுரை முழுக்கக் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்ததுதான். ஒரு தேசம். பெயரை எழுதினால் யுத்த காலத் தணிக்கைக்காரர் கறுப்பு மையைப் பூசிவிடுவார். அதனால் 'அந்தத் தேசம்' என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பழைய ராஜாவைத் துரத்திவிட்டுப் புது ஆட்சி வந்தது. வந்த மறுவாரமே எதிரிப் பக்கம் சேர்ந்துகொண்டு, அங்கிருந்த நம் சர்க்காரின் ராஜதந்திரிகளையும் சிப்பந்திகளையும் அவர்களுடைய கட்டிடத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. மொத்தம் பதினோரு பேர். பதினோராவது ஆள், மதுரையிலிருந்து டைப் அடிக்கப் போன ஹாலாஸ்யம். ஸ்யாமளாவின் கணவன்.

பதிலுக்கு இங்கே அந்தத் தேசத்துத் தூதரான கான்சலையும் அவருடைய செக்ரட்டரியையும் சர்க்கார் கொடைக்கானலில் காவலில் வைத்தது. ஒன்றரை வருஷம் இழுத்தடித்த பிறகு, இரு பக்கத்து ஆட்களையும் மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. கான்சல் கொழும்பில் கப்பல் ஏறினால் அங்கே பூட்டுத் திறக்கும். ஏறாவிட்டால் யுத்தம் முடிகிற வரை திறக்காது. அதற்குள் பதினோரு பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யாரும் சொல்லத் தயாரில்லை.

கான்சலும் செக்ரட்டரியும் மூன்று நாளைக்கு முன் காரில் மலையிறங்கினார்கள். மதுரை வந்து சேரவில்லை. பின்னால் வந்த காவல் வண்டி அடிவாரத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. வாடிப்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் கார் மட்டும் கிடைத்தது. உள்ளே டிரைவர் காளை மயக்க மருந்து கலந்த காபியைக் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மறுநாளே கலெக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மதுரைச் சிறையில் இருக்கும் காங்கிரஸ்காரர்களை விடுதலை செய், இல்லையென்றால் இரண்டு பேரும் பிணம் என்று. கடிதத்தோடு ஒரு போட்டோ.

"இன்னிக்கு மூணரை மணி ரயில்ல கான்சல் ஏறணும். ஏறலைன்னா கப்பல் போயிடும்" என்றாள் ஸ்யாமளா. "கலெக்டர் ஆபீஸ்ல எங்க அத்திம்பேர் ஹெட்கிளார்க். மூணு துரைகள் மட்டும் பாத்துட்டு, அந்தப் போட்டோவை இந்த உறையில போட்டு ஒட்டி அவர்கிட்டப் பூட்டி வைக்கக் கொடுத்தா. நேத்து என் அழுகையைப் பாக்க முடியாம எடுத்துண்டு வந்துட்டார். பத்து மணிக்குள்ள பீரோவில திரும்ப இருக்கணும். இல்லைன்னா அவருக்கு வேலை போயிடும்."

அழகுமலை போட்டோவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். அவர் பதினாலு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது கருவாடா கண்ணாடிச் சாமானா என்று சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தார். அவருடைய மனைவி இன்னும் அதை மன்னிக்கவில்லை.

படத்தில் கான்சல் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை மீசை, கோட்டு. எதிரே வாழை இலையில் சோறு. பின்னால் சரிந்த பலகைத் தட்டுகள் அடுக்கிய ஜன்னல். அதற்கு வெளியே வாழை மரங்களின் நிழல்.

"பாவம் மாமா அந்த ஆளு" என்றான் மொக்கையன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"ஏன்டா மாப்ள, கட்டிப்போட்டிருக்காய்ங்கன்னா?"

"கட்டிப்போட்டா என்ன, சோறு இருக்குல்ல. ஆனா எலையத் திருப்பிப் போட்டு வெச்சிருக்காய்ங்களே. நுனி அந்தாளுக்கு வலப்பக்கம் கெடக்கு. இப்படிப் போட்டா எங்கப்பன் பந்தியிலேருந்து எந்திரிச்சு வீட்டுக்கே வந்துருவாரு."

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மொக்கையன் அழைப்போடும் அழைப்பில்லாமலும் போகாத கல்யாணம் கிடையாது. சாப்பாட்டு விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

ஸ்யாமளா எழுந்து வந்து பார்த்தாள். "ஆமாம். ராத்திரி முழுக்க இந்தப் படத்தை வெச்சுண்டு அழுதேன். இந்தக் கான்சல் முகத்தையேதான் பாத்தேன், இலையைப் பாக்கலை" என்றாள்.

"படத்தத் தலைகீழா அச்சுப் போட்டிருப்பாய்ங்களோ?" என்றான் மொக்கையன். "கண்ணாடியில தெரியிற மாதிரி?"

"கோட்டுப் பையப் பாரு. இடது மார்பு மேலதான் இருக்கு. படம் சரி, எலைதான் தப்பு." அழகுமலை போட்டோவைக் கீழே வைத்தார். "கடத்துனவன் கொலைகாரனா இருக்கட்டும், கொள்ளைக்காரனா இருக்கட்டும். இந்த ஊருல ஆத்தா கையில சோறு தின்னு வளந்தவன் எவனும் நுனிய வலப்பக்கம் வெச்சுப் போடமாட்டான். காங்கிரஸ்காரனும் போடமாட்டான், கட்சியே இல்லாதவனும் போடமாட்டான். அப்ப அந்த வீட்டுல நம்ம ஆளுக ஒருத்தர்கூட இல்ல."

"பேய் போட்டுச்சாக்கும்?"

"ரெண்டு பேரப் புடிச்சு வெச்சிருக்கோம்னு எழுதியிருக்கான். படத்துல ஒருத்தர்தானே இருக்காரு? இன்னொருத்தர் எங்க?"

மொக்கையன் தலையைச் சொறிந்தான்.

"காமிராவ ஒரு ஆளு புடிக்கணும்ல மாப்ள!"

ஸ்யாமளா போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அழகுமலை அவளிடம் கேட்டார்: "அம்மா, காளைக்கு அந்தக் காப்பியக் குடுத்தது யாரு? உங்க அத்திம்பேருக்குத் தெரியுமா?"

"வாக்குமூலத்தை டைப் அடிச்சதே அவர்தான். செக்ரட்டரி துரை தன் ஃபிளாஸ்க்லேர்ந்து கொடுத்தார்னு காளை சொன்னானாம். துரைகள் சிரிச்சாளாம். காபி கிளப்ல யாரோ மருந்தைக் கலந்திருக்கணும்னு எழுதச் சொல்லிட்டா."

"துரை குடுத்த காப்பின்னா அதுல சீனி மட்டுந்தான் இருக்கும்போல" என்றான் மொக்கையன்.

"நாடகம்" என்றார் அழகுமலை. "ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லாத ரெண்டு துரைமாரும் சேந்து ஆடுற நாடகம். கான்சலே கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு, தானே எலையப் போட்டு, தானே சோத்தையும் வெச்சுக்கிட்டாரு. எலை போடத் தெரியல. அம்புட்டுத்தான்."

ஸ்யாமளா போட்டோவை உறைக்குள் திணித்தாள். ராத்திரி பூராவும் யாருக்காக இரக்கப்பட்டு அழுதாளோ, அந்த ஆள் மேலேயே இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது. "அங்கே பதினோரு பேர் சாகட்டும்னு இவர் இங்கே உக்காந்து சாப்பிடறாரா? அவரைப் பிடிச்சுண்டு வாங்கோ. ரயில்ல ஏத்தறச்சே நான் நேர்ல பாக்கணும். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்."

எட்டேகாலுக்கு வாடிப்பட்டி போகும் கரிபஸ்ஸில் அழகுமலையும் மொக்கையனும் ஏறினார்கள். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டிவிட்டிருந்த காலம் அது. மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

"வாடிப்பட்டியில எங்கன்னு தேடுவீங்க மாமா?" என்றான் மொக்கையன், மூன்றாவது மேட்டில் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டே. "போலீஸ்காரய்ங்க நாப்பது குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டாய்ங்களாம்."

"குடிசையத்தான் பிரிச்சாய்ங்க. பலகைத் தட்டு வெச்ச ஜன்னலு குடிசையில இருக்குமா? அது வெள்ளக்காரன் பங்களா. அதுக்குள்ள நுழையணும்னு எந்தப் போலீசுக்கும் தோணாது."

"பங்களா நாலஞ்சு இருக்கே?"

"எலையோட ஓரத்தப் பாத்தியா? பிச்சுக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு. கடையில வாங்குன எலைன்னா அருவா பட்ட இடம் சுத்தமா இருக்கும். அவரு மரத்துலேருந்து தானே அறுத்திருக்காரு. எந்த மரத்துல அறுக்கலாம், எதுல அறுக்கக் கூடாதுன்னு துரைக்கு என்ன தெரியும்? இந்நேரம் எவளோ ஒருத்தி தோப்புல நின்னு வஞ்சுக்கிட்டிருப்பா. அவளக் கண்டுபிடி போதும்."

வாடிப்பட்டிச் சந்தையில் இலைக்கட்டு விற்கும் மாயக்காளிடம் மொக்கையன் போய்க் குந்தினான். அவன் ஒரு வார்த்தை கேட்டால் அவள் ஒன்பது வார்த்தை சொல்கிற ரகம்.

"எலைத் திருட்டா? அத ஏன் கேக்குற! குத்தகைத் தோப்புத் தங்கப்பொண்ணு மூணு நாளா மண்ண வாரித் தூத்துறா. குலை தள்ளுன மரமாப் பாத்து எவனோ எலைய அறுத்துட்டானாம். எலை போச்சுன்னா காயி எங்கிட்டுப் பெருக்கும்? மாட்டுக்குக்கூட அம்புட்டு அறிவு இருக்கும்ங்குறா."

"தோப்பு எங்கிட்டு இருக்கு?"

"யுத்தத்துக்குப் போன துரையோட பங்களாவச் சுத்தித்தான். இப்ப அதுல பட்டாளம் இருக்காம். போர்டு மாட்டியிருக்காய்ங்க."

மொக்கையன் திரும்பிப் பார்த்தான். அழகுமலை ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

தோப்பின் வரப்பிலேயே தங்கப்பொண்ணு நின்றிருந்தாள். நாற்பது வயது, கையில் அரிவாள். அழகுமலை பாதி சொல்வதற்குள் அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது. "பட்டாளம்னு பயந்துல்ல கெடந்தேன். எலைத் திருடனா அவன்? நடங்க, நானும் வாரேன்."

"வேணாம் தாயி. நீ இங்கனயே இரு" என்றார் அழகுமலை. அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

வாசல் கேட்டில், உள்ளே வந்தால் சுடப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை தொங்கியது. மையின் வாசனை இன்னும் போகவில்லை; பட்டாளம் ஏதும் கண்ணில் படவில்லை. இருவரும் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஏறினார்கள். கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழிடவில்லை. தள்ளியதும், படத்தில் பார்த்த அதே ஜன்னல், அதே மேஜை. மேஜைக்குப் பின்னால் அதே வெள்ளை மீசைக்காரர் தன் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல நிதானமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு ஈ காக்கை இல்லை.

சந்தேகம் தீர்ந்தது. அழகுமலைக்குக் கோபம் பொங்கியது.

"நாடகம் போதும் துரை. எந்திரிங்க. மூணரைக்கு ரயிலு. அங்க பதினோரு குடும்பத்துப் பொழப்பு உங்களால நிக்குது."

கான்சல் அவரையே பார்த்தார். மீசை துடித்தது. அப்புறம், கொஞ்சம் அந்நிய வாடையடித்த, ஆனால் நல்ல தமிழில் கேட்டார்:

"இலை பாத்தீங்களா?"

அழகுமலை ஒரு நொடி தடுமாறினார். "பாத்தோம். திருப்பிப் போட்டிருந்தீங்க."

"நான் பன்னிரண்டு வருஷம் மெட்ராஸ். தினம் இலையில சாப்பாடு. நுனி இடது பக்கம், எனக்குத் தெரியும்." அவர் கண் கலங்கிவிட்டது. "என் செக்ரட்டரிக்குத் தெரியாது. அவன் வந்து ஒரு வருஷம்தான், முள்கரண்டிதான் தெரியும். படம் எடுக்கும்போது அவன் கண் முன்னாலேயே திருப்பினேன். கலெக்டர் துரைக்கும் புரியாது. ஆனா உங்க ஊர்ல ஒரு குமாஸ்தா பாக்காத காகிதம் ஏது? யாரோ ஒருத்தர் பாப்பார்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு அவர் மேஜைக்கு அடியிலிருந்து வலது காலை நகர்த்தினார். சங்கிலி கலகலத்தது. கணுக்காலிலிருந்து ஜன்னல் கம்பி வரை இரும்புச் சங்கிலி; அதில் பூட்டு.

அழகுமலை குனிந்து அந்தப் பூட்டைப் பார்த்தார். அத்தனை வருஷம் பார்சல் ஆபீசில் ஒரு மூட்டையைக்கூட ஊர் மாற்றி அனுப்பாதவர். இன்று ஒரு மனிதரை அடியோடு தப்பாகப் படித்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

"குலை தள்ளுன மரத்துல அறுத்தது?" என்றான் மொக்கையன்.

"தட்டு இல்லை, இலை கொண்டு வான்னு தினமும் சொன்னேன். எந்த மரம்னு கேட்டான். ஜன்னல் வழியா அந்த மரத்தைக் காட்டினேன். தோட்டக்காரர் சண்டைக்கு வருவார்னு..."

"அசையாதே!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது.

தாழ்வாரத்துக் கதவில் முப்பது வயது வெள்ளைக்காரன் நின்றான். செக்ரட்டரி. ஒரு கையில் தண்ணீர் வாளி, மறு கையில் கைத்துப்பாக்கி.

"என்ன மாமா சொல்றாரு?"

"கையத் தூக்குடா."

"தூக்கிட்டேன். வேறென்ன சொல்றாரு?"

செக்ரட்டரி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கழுத்தைச் சுற்றிப் பின்னாலிருந்து ஓர் அரிவாளின் வளைவு வந்து உட்கார்ந்தது.

"எம் மரத்த அறுத்தவன் நீதானாடா?" என்றாள் தங்கப்பொண்ணு.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அரிவாள் பேசும் பாஷை எல்லாத் தேசத்தாருக்கும் தெரியும். முதலில் வாளி விழுந்தது, பிறகு துப்பாக்கி. மொக்கையன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கயிறு தேடக் கிணற்றடிக்கு ஓடினான்.

தகவல் போய், ஒரு மணிக்கெல்லாம் வாடிப்பட்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் காரோடு வந்துவிட்டார். பூட்டைத் திறந்ததும், கான்சலின் காலில் சங்கிலி உரசிய இடத்தில் அழகுமலை தேங்காயெண்ணெய் தடவிக் கொடுத்தார். வேறு விதத்தில் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டு பேர்ல உங்கள ஏன் சங்கிலி போட்டு வெச்சான்? அவன் மட்டும் ஓடியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"அவன் ஒருத்தன் ஓடினா போலீஸ் தேடிப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தும். என் பேர்தான் பட்டியல்ல முதல். நான் இல்லைன்னா கப்பலே இல்லை. என்னையும் கூட இருன்னு கெஞ்சினான். மாட்டேன்னு சொன்னேன்." கான்சல் மூச்சு வாங்கினார். "சின்னப் பையன். பயம். நாங்க ரெண்டு பேரும் பழைய ராஜாவுக்குச் சத்தியம் பண்ணவங்க."

"போனா அவனுக்கு ஜெயிலா?"

"ஜெயில்."

"உங்களுக்கு?"

கான்சல் வெளியே வாழை மரங்களைப் பார்த்தார். "எனக்கு ஜெயில் இல்லை. சுவர் ஓரமா, துப்பாக்கிக்கு முன்னால நிக்க வைப்பாங்க."

மொக்கையன் போய் அவர் எதிரில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தான்.

கான்சல் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். புகார் எழுதச் சொன்னார். செக்ரட்டரி தன்னைக் கடத்தினான், சங்கிலி போட்டான், துப்பாக்கி காட்டினான் என்று ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். விசாரணை, தீர்ப்பு எல்லாம் முடிய வருஷங்கள் ஆகும். அதுவரை செக்ரட்டரி கப்பல் ஏற முடியாது. மதுரைச் சிறையில் உயிரோடு இருப்பான். எழுதி முடித்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்கு அது புரிந்தது. எழுந்து நின்று கான்சலுக்கு சல்யூட் அடித்தார்.

மூன்று மணிக்கு மதுரை ரயில் நிலையம். பிளாட்பாரத்தில் ஸ்யாமளா காத்திருந்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தைகளும் அவள் முகத்தில் தெரிந்தன. அழகுமலை முன்னால் ஓடிப்போய் அவளைத் தனியே அழைத்தார். நடந்ததைச் சொன்னார். சுவர் ஓரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் காலையில் தான் சொன்ன தப்பான கதையை அவள் நம்பியது நினைவுக்கு வந்தது. சுவர் ஓரத்தையும் சொல்லிவிட்டார்.

பின்னால் வந்த கான்சலிடம், இவள் அந்தப் பதினோரு பேரில் ஒருவரின் மனைவி என்றார்.

கான்சல் நொண்டிக்கொண்டே வந்து ரயில் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "உங்க வீட்டுக்காரர் பேர் என்ன அம்மா?" என்று கேட்டார்.

புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் அவள் வீட்டில் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"ஹாலாஸ்யம்."

"ஹா... லாஸ்யம்." அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நடுவுல ஒரு துறைமுகம். ரெண்டு கப்பலும் அங்க நிக்கும். அவர் இந்தப் பக்கம் ஏறினதை என் கண்ணால பாத்துட்டுத்தான் நான் அந்தப் பக்கம் போவேன்."

கார்டு பச்சைக்கொடியை விரித்தார். ஸ்யாமளா ஜன்னல் கம்பியைப் பற்றினாள். கண்ணீர் நிற்காமல் ஓடியது.

"உங்களைப் போகாதேங்கோன்னு சொல்லணும். மனுஷியாப் பொறந்தவ அதைத்தான் சொல்லணும். எனக்கு வாய் வரலை. என்னை மன்னிச்சுடுங்கோ."

"சொல்லாதீங்க அம்மா" என்றார் கான்சல். "எனக்கும் பயம்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் இறங்கிடுவேன்."

ரயில் அசைந்தது. ஸ்யாமளா கம்பியை விட்டுவிட்டு, புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போகிற வரை கையை எடுக்கவில்லை.